ஒரே மரணம், இரண்டு ஜூரிகள்: எதை நம்புவது?

வாசகர் கடிதம்

ஊரில் முப்பது வருடம் ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது ஹரோவில் மகளின் குடும்பத்தோடு இருக்கிறேன். பேத்தி ஏ-லெவலில் சட்டம் படிக்கிறாள். 2009இல் லண்டனில் பொலிஸ்காரர் ஒருவர் தள்ளிவிட்ட பின் இறந்துபோன இயன் டொம்லின்சனின் மரணத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். "அம்மப்பா, மரண விசாரணையில் இருந்த ஜூரி 'சட்டவிரோதக் கொலை' என்று சொன்னது. அடுத்த வருடமே இன்னொரு ஜூரி அந்தப் பொலிஸ்காரரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டது. இதில் எது உண்மை?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மீதான கொலை வழக்கு ஒன்று லண்டனில் விளக்கத்துக்கு வரவிருக்கிறது. அதை இருவருமாகப் பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்க்க ஆசைப்படுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? அந்த உத்தியோகத்தரின் பழைய கதைகள் என்று கோயில் வட்ஸ்அப் குழுவில் பல செய்திகள் வருகின்றன; அவற்றை மற்றவர்களுக்கு அனுப்பலாமா? ஊரில் இப்படியொரு வழக்கு தீர்ப்புவரை போனதை நான் கண்டதில்லை. ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பதில்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் பேத்தி கேட்ட கேள்வியை இந்தத் தொழிலில் நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அதைக் கேட்டவர்கள் பிள்ளையையோ கணவரையோ பறிகொடுத்தவர்கள். "மரண விசாரணையில் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு, குற்ற வழக்கில் அது கூட, அதனால்தான் முடிவு மாறியது" என்று சட்டம் தெரிந்தவர்களே சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். டொம்லின்சன் விடயத்தில் அந்தப் பதில் பிழையானது. அதை அப்படியே எழுதினால் பேத்தியின் கட்டுரையும் பிழைத்துவிடும் என்பதால், நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009 ஏப்ரல் 1ஆம் திகதி ஜி20 மாநாட்டை எதிர்த்து இங்கிலாந்து வங்கியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. 47 வயதான டொம்லின்சன் பத்திரிகை விற்பவர்; ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர் அல்ல, தான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். மாலை 7.20 மணியளவில் ரோயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை ஒட்டிய நடைபாதையில், கைகளைக் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டபடி, பொலிஸ் வரிசைக்கு முதுகைக் காட்டி அவர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். மெட்ரோபொலிட்டன் பொலிஸின் கூட்டக் கட்டுப்பாட்டு அணியைச் சேர்ந்த சைமன் ஹார்வுட் பின்னாலிருந்து வந்து, தடியால் காலில் அடித்து, அவரை முன்னோக்கித் தள்ளினார். நிலத்தில் விழுந்த டொம்லின்சன் உட்கார்ந்தபடியே பொலிஸாரை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறார்; அங்கு நின்ற உத்தியோகத்தர்களில் ஒருவரும் கை கொடுக்கவில்லை, ஆர்ப்பாட்டக்காரர் ஒருவரே தூக்கிவிடுகிறார். அதன்பின் ஏறக்குறைய 60 மீற்றர் நடந்து, கோர்ன்ஹில் தெருவில் சரிந்து விழுந்து இறந்துபோனார்.

அன்றிரவு பொலிஸ் வெளியிட்ட அறிக்கையில் அடியும் இல்லை, தள்ளியதும் இல்லை. அவருக்கு உதவப்போன பொலிஸார் மீது போத்தல்கள் வீசப்பட்டதாகவே அதில் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒருவர் எடுத்திருந்த வீடியோவை ஏப்ரல் 7ஆம் திகதி கார்டியன் பத்திரிகை வெளியிட்ட பிறகுதான் அந்தத் தள்ளலை நாடு கண்டது.

2011இல் பீட்டர் தோர்ன்டன் என்ற நீதிபதி மரண விசாரணையை நடத்தினார். அங்கே இருந்த ஜூரி, அளவு கடந்ததும் நியாயமற்றதுமான பலம் பயன்படுத்தப்பட்டது என்று கண்டு, மே 3ஆம் திகதி 'சட்டவிரோதக் கொலை' என்ற முடிவுக்கு வந்தது. அக்காலச் சட்டப்படி மரண விசாரணையில் அந்த ஒரு முடிவுக்கு மட்டும் குற்ற வழக்குக்குரிய அதே அளவு நிச்சயம் தேவைப்பட்டது. ஆகவே அந்த ஜூரியும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் உறுதியாக இருந்தே அதைச் சொன்னது. 2012 ஜூன் 18ஆம் திகதி சதர்க் நீதிமன்றத்தில் ஹார்வுட் மீதான வழக்கு தொடங்கியது. குற்றச்சாட்டு மான்ஸ்லோட்டர், அதாவது கொல்லும் நோக்கமில்லாமல் சட்டவிரோதமான செயலால் மரணம் விளைவித்தது. ஜூலை 19ஆம் திகதி அந்த ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்றது.

நிரூபண அளவு ஒன்றாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் வேறுபட்டது எது?

இரண்டு ஜூரிகளிடமும் கேட்கப்பட்ட கேள்வி வேறு. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்பதே மரண விசாரணையின் வேலை. அங்கே குற்றம் சாட்டுபவரும் இல்லை, சாட்டப்பட்டவரும் இல்லை. பெயர் குறிப்பிட்டு ஒருவர் மீது குற்றப் பொறுப்பைச் சுமத்துவதைச் சட்டமே தடுக்கிறது. 2011இன் முடிவை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வருவார், ஹார்வுட் என்ற பெயர் வராது. சதர்க்கில் இருந்த ஜூரியிடம் இயன் டொம்லின்சன் எப்படி இறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. கூண்டில் நிற்கும் இந்த மனிதர் செய்த சட்டவிரோதமான, ஆபத்தான செயலே அந்த மரணத்துக்குக் காரணம் என்று வழக்குத் தொடுநர் உங்களுக்கு நிச்சயம் ஏற்படும்படி நிரூபித்துவிட்டாரா என்றுதான் கேட்டார்கள். முந்திய மரண விசாரணையின் முடிவு குற்ற வழக்கில் சான்றாகாது. இரண்டாவது ஜூரி முதலாவது ஜூரியின் முடிவைச் சீர்தூக்கிப் பார்த்து நிராகரித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை, நடக்கவும் முடியாது.

அந்த ஒற்றைக் கேள்விக்குள் இரண்டு தனிக்கேள்விகள் இருந்தன: பயன்படுத்திய பலம் நியாயமானதா, அந்தப் பலம்தான் உயிரைப் பறித்ததா. எதிர்த்தரப்பு இரண்டையுமே மறுத்தது. ஜூரி எதில் தடுக்கியது என்பது எவருக்கும் தெரியாது. இந்நாட்டில் ஜூரி காரணம் சொல்வதில்லை. அவர்கள் அறைக்குள் கதைத்ததைக் கேட்டறிவதும் குற்றம். ஆகவே "தள்ளியது சரி என்று ஜூரி சொல்லிவிட்டது" என்று எழுதுபவரும், "பொலிஸ்காரர் என்பதால் ஜூரி காப்பாற்றிவிட்டது" என்று எழுதுபவரும் தமக்குத் தெரியாத ஒன்றையே எழுதுகிறார்கள். பேத்தி இந்த இரண்டு வரிகளையும் தவிர்க்க வேண்டும்.

என் கணிப்பு ஒன்று உண்டு. அதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கு பலவீனப்பட்டது 2012இல் ஜூரி அறையில் அல்ல, 2009 ஏப்ரல் 3ஆம் திகதி பிரேத பரிசோதனை மேசையில். அன்று முதலாவது பரிசோதனையைச் செய்த ஃபிரெடி பட்டேல், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் நோயே மரணத்துக்குக் காரணம் என்றார். வீடியோ வெளியான பின் இரண்டாவது பரிசோதனையைச் செய்த நாட் கேரியின் முடிவு, விழுந்தபோது வயிற்றில் பட்ட மழுங்கிய அடியால் ஏற்பட்ட உள் இரத்தப்போக்கு என்பது. டொம்லின்சனுக்கு மதுவால் ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்ததால் அந்த அடியைத் தாங்கும் நிலையில் உடல் இருக்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த வைத்தியரும் கேரியோடு ஒத்துப்போனார். இருவருக்கு எதிராக ஒருவர் தானே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் உடலை முதலில் திறந்து பார்த்தவர் அந்த ஒருவர்தான்.

பட்டேல் தன் முதல் அறிக்கையில் வயிற்றறைக்குள் சுமார் 3 லீற்றர் திரவ இரத்தம் இருந்ததாக எழுதினார். பின்னர் எழுதிய அறிக்கையில் அது இரத்தம் கலந்த திரவம், சுமார் 3 லீற்றர் என்று மாறியது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரத்தமே ஏறக்குறைய 5 லீற்றர்தான். வயிற்றுக்குள் இருந்த 3 லீற்றரும் இரத்தம் என்றால், இரத்தப்போக்கால் இறந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஈரல் நோயாளிகளின் வயிற்றில் தேங்கும் நீரில் கொஞ்சம் இரத்தம் கலந்திருந்தது என்றால் கதை வேறு. எது என்று பார்க்க அந்தத் திரவத்தைச் சோதித்தாலே போதும். அதில் ஒரு சிறு குப்பியளவுகூட எடுத்து வைக்கப்படவில்லை. இரண்டாவது வைத்தியர் வந்தபோது அது இல்லை. மூன்று வருடம் கழித்து நீதிமன்றத்தில் இருந்தவையெல்லாம் ஒருவர் எழுதிய ஒரு சொல்லும் அவரே அதைத் திருத்திய இன்னொரு சொல்லும் மட்டுமே.

இதன் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வைத்தியர்கள் முரண்படுவதால் மரணக் காரணத்தை நிரூபிக்க முடியாது என்று கூறி, 2010 ஜூலை 22ஆம் திகதி அரச வழக்குத் தொடுநர் சேவை குற்றம் சாட்ட மறுத்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் பின்னாளில் பிரதமரான கியர் ஸ்டார்மர். தள்ளியதும் அடித்ததும் வீடியோவில் தெளிவாக இருந்ததால், மரணக் காரணத்தை விட்டுவிட்டு வெறும் தாக்குதலுக்காவது வழக்கிட்டிருக்கலாமே என்று குடும்பத்தினர் கேட்டார்கள். சாதாரணத் தாக்குதல் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்கிட வேண்டும்; அந்தக் காலம் எப்போதோ கடந்திருந்தது. மரண விசாரணையில் மருத்துவச் சான்றுகள் இன்னும் ஆழமாக ஆராயப்பட்ட பிறகே, 2011 மே 24ஆம் திகதி அந்த முடிவு மாற்றப்பட்டு மான்ஸ்லோட்டர் வழக்கு வந்தது. ஹார்வுட் விடுதலையாகி ஒரு மாதம் கழித்து, 2012 ஆகஸ்டில், பட்டேலின் பெயர் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

உங்கள் பேத்தியை இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அஸ்டன் வில்லாவின் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன் 2016 ஆகஸ்ட் 15ஆம் திகதி டெல்ஃபோர்டில் தன் தந்தையின் வீட்டுக்கு வெளியே பொலிஸாரால் தாக்கப்பட்ட பின் இறந்தார். பெஞ்சமின் மொங்க் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் டேசர் கருவியின் மின்னோட்டத்தை வழக்கமான 5 வினாடிக்குப் பதிலாக 33 வினாடி பாய்ச்சியதோடு, கீழே விழுந்தவரின் தலையில் குறைந்தது இரண்டு தடவை உதைத்தார். உதைக்கவில்லை என்று சொல்ல வழியே இருக்கவில்லை, ஏனென்றால் அட்கின்சனின் நெற்றியில் சப்பாத்துக் கயிற்றின் தடம் பதிந்திருந்தது. 2021 ஜூனில் பர்மிங்ஹாம் நீதிமன்ற ஜூரி மொங்கைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, மான்ஸ்லோட்டர் குற்றவாளி என்றது. எட்டு வருடச் சிறை கிடைத்தது. கடமையில் இருந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது முப்பது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அதுவே முதல் தடவை. இறந்தவருக்கு இதய நோயும் சிறுநீரக நோயும் இருந்தும் ஜூரிக்கு நிச்சயம் ஏற்பட்டது. ஒரு வழக்கில் தடம் தோலிலேயே பதிந்து நின்றது. மற்றதில் சான்று ஊற்றப்பட்டுப் போனது.

இனி நீங்கள் பார்க்கப்போகும் வழக்கு. கடிதத்தில் எது என்று எழுதியிருந்தீர்கள், நான் பெயரை நீக்கிவிட்டேன்; காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கொலைக் குற்றச்சாட்டில் எதிர்த்தரப்பு தற்காப்பையோ மற்றவரைக் காப்பதையோ முன்வைத்தால், ஜூரி இரண்டு படியாக யோசிக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஆபத்து இருப்பதாக அவர் உண்மையிலேயே நம்பினாரா என்பது முதல் படி. நம்பிக்கை தவறாக இருந்தாலும் உண்மையானதாக இருந்தால் போதும். அப்படி நம்பிய ஒருவர் பயன்படுத்திய பலம் நியாயமான அளவுக்குள் இருந்ததா என்பது அடுத்த படி. தற்காப்பு என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வழக்குத் தொடுநருடையது. 2022 செப்டம்பர் 5ஆம் திகதி ஸ்ட்ரெதமில் கிறிஸ் கபா காருக்குள் சுடப்பட்டு இறந்த வழக்கில் மார்ட்டின் பிளேக் என்ற உத்தியோகத்தர் சொன்னது இதுதான்: பொலிஸ் வாகனங்களுக்கு நடுவே அந்தக் கார் முட்டி மோதியபோது சக உத்தியோகத்தரின் உயிருக்கு ஆபத்து என்று நம்பியதாலேயே முன்கண்ணாடியூடாக ஒரு வெடி வைத்தேன் என்றார். 2024 ஒக்டோபரில் லண்டனின் மத்திய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் ஜூரி ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அந்த ஜூரியைத் திட்டியவர்களில் பலர், அது எந்தக் கேள்விக்கு விடை சொல்லியது என்பதைப் படித்திருக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் மாடத்தில் போய் இருப்பது உங்கள் வயதில் கடினம். மூன்று நாட்களை மட்டும் தெரிந்தெடுங்கள் என்பது என் ஆலோசனை. வழக்குத் தொடுநரின் ஆரம்ப உரை நடக்கும் நாள் ஒன்று. மருத்துவ நிபுணரோ, பொலிஸ் பயிற்சி நிபுணரோ குறுக்கு விசாரணைக்கு உட்படும் நாள் இன்னொன்று. பத்திரிகைகள் அதிகம் எழுதாத, பலர் எழுந்து போய்விடுகிற நாள் அது, ஆனால் வழக்கு அங்கேதான் நிற்கும் அல்லது விழும். மூன்றாவது, நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கும் நாள். இப்போதெல்லாம் நீதிபதிகள் ஜூரியின் கையில் ஒரு வினாத்தாளையே கொடுக்கிறார்கள். முதலாம் கேள்விக்கு ஆம் என்றால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள், இல்லை என்றால் அங்கேயே நிறுத்தித் தீர்ப்பைச் சொல்லுங்கள் என்ற ஒழுங்கில் அது இருக்கும். வாழ்நாள் முழுவதும் வினாத்தாள் தயாரித்த உங்களுக்கு அதன் அருமை என்னைவிட நன்றாகப் புரியும். கொப்பியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சாட்சி சொல்வதை அந்தந்தக் கேள்வியின் கீழ் எழுதுங்கள். எந்தப் பக்கத்திலும் இடம் பிடிக்காத பல விடயங்கள் உங்கள் மனத்தைக் கொதிக்க வைக்கும். அவை ஜூரிக்கு உதவாதவை என்பது எழுதும்போதே விளங்கும்.

ஜூரிக்குச் சொல்லப்படாதவையும் உண்டு. ஹார்வுட் மீது முன்னர் பல ஒழுக்காற்று முறைப்பாடுகள் இருந்தன; அப்படியொரு விசாரணை நிலுவையில் இருக்கும்போதே 2001இல் மருத்துவக் காரணத்துக்காகச் சேவையை விட்டு, பின்னர் திரும்பவும் பொலிஸில் சேர்ந்தவர் அவர். சதர்க் ஜூரி இவற்றைத் தீர்ப்புக்குப் பின் பத்திரிகையில்தான் வாசித்தது. கபா வழக்கில் மறுபக்கமாக நடந்தது: இறந்தவரைப் பற்றிப் பொலிஸாரிடம் இருந்த பழைய விடயங்கள் ஜூரியிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டன, ஏனென்றால் காரை ஓட்டியவர் யார் என்பதே பிளேக்குக்கு அப்போது தெரியாது. ஹார்வுட்டின் பழைய பதிவு மறைக்கப்பட்டதை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் ஒரு மனிதரின் பழைய வாழ்வை வைத்து அல்ல, அந்த நாளின் செயலை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டும் என்ற விதி கபாவைக் காத்தபோது அதை வரவேற்ற நான், ஹார்வுட்டைக் காத்தபோது மட்டும் எதிர்க்க முடியாது.

வட்ஸ்அப் விடயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அனுப்பாதீர்கள். ஒருவர் கைது செய்யப்பட்ட கணத்திலிருந்து வழக்கு நடப்பில் உள்ளதாகவே 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கருதுகிறது. நீதியான விளக்கத்துக்குப் பாரிய இடையூறு ஏற்படும் ஆபத்துள்ள எதையும் வெளியிடுபவர், அந்த எண்ணம் தனக்கு இருக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டு வருடம்வரை சிறையும் கிடைக்கலாம். கோயில் குழு சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர் நாளை ஜூரியாக அழைக்கப்படலாம். அவர் வாசித்த அந்தச் செய்தியால் விளக்கம் முழுவதும் குலைந்து புதிதாகத் தொடங்க நேரிடலாம். அதனால் முதலில் பாதிக்கப்படுவது இறந்தவரின் குடும்பம். உங்கள் வழக்கின் பெயரை நான் இங்கே நீக்கியதும் இதனாலேயே. தீர்ப்பு வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று பேத்தி சோர்ந்துவிடக் கூடாது. விடுதலையாகி இரண்டு மாதத்துக்குள், 2012 செப்டம்பர் 17ஆம் திகதி, பாரதூரமான ஒழுக்கக்கேட்டுக்காக ஹார்வுட் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2013 ஆகஸ்டில் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் பயன்படுத்திய பலம் அளவு கடந்தது என்று ஏற்று, நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டு, குடும்பத்தோடு இழப்பீட்டு இணக்கத்துக்கு வந்தது. ஒழுக்காற்று விசாரணையிலும் இழப்பீட்டு வழக்கிலும் எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் மரண விசாரணையிலும் 'சட்டவிரோதக் கொலை' முடிவுக்கு அந்த அளவே போதும். ஆகவே நான் தொடக்கத்தில் பிழை என்று சொன்ன அந்தச் சுருக்கப் பதில் இன்றைய மரணங்களுக்குப் பொருந்தும், டொம்லின்சனுக்குப் பொருந்தாது. கட்டுரையில் இந்தத் திகதி வேறுபாட்டை அவள் காட்டினால் ஆசிரியர் நிச்சயம் கவனிப்பார்.

ஒரு விடயத்துக்கு அவளை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். இளம் சட்டத்தரணியாக ஒரு மரண விசாரணையில் நான் குடும்பத்தினரோடு முன்வாங்கில் இருந்தேன். வைத்தியர் உறுப்புகளின் எடையை வரிசையாக வாசித்துக்கொண்டு போனார். இதயம் இத்தனை கிராம் என்றதும் பக்கத்தில் இருந்த தாய் என் சட்டைக் கையைப் பிடித்து, "தம்பி, அது என்ன கணக்கு?" என்று தமிழில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து ஐந்து நிமிட இடைவேளை கேட்டிருக்கலாம் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பட்டது. உங்கள் வழக்கிலும் அந்த நாள் வரும். அதே மாடத்திலோ கீழேயோ இறந்தவரின் வீட்டார் இருப்பார்கள். பேத்திக்குத் தாங்கவில்லை என்றால் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போகலாம், எவரும் தடுக்க மாட்டார்கள்.

குறிப்பெடுக்க முன்னனுமதி தேவையில்லை என்று 2016இல் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் வாயிலில் நிற்கும் பணியாளரிடம் சொல்லிவிட்டு எழுதுவது மரியாதை. படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் குற்றம். வழக்கு ஓல்ட் பெய்லியில் என்றால் கைத்தொலைபேசியைக் கொண்டுபோக விடுவார்களா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் இருவருடையதையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, திரும்பும் நேரத்தை மகளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் அனுமதி இல்லை, ஆகவே பேத்திக்குத் தடையில்லை. சிற்றுண்டிச்சாலையிலோ மின்தூக்கியிலோ ஜூரி அடையாள அட்டை அணிந்த எவரையும் கண்டால் வணக்கம்கூடச் சொல்லாமல் விலகிப் போய்விடுங்கள். அமர்வு பெரும்பாலும் காலை பத்து மணியளவில் தொடங்கும். பெயர் அறியப்பட்ட வழக்குகளுக்கு வரிசை நீளமாக இருக்கும் என்பதால், ஒன்பது மணிக்கு முன்னரே வாசலில் நிற்பது நல்லது.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி